சித்தியின் மனு யாருக்குப் போக வேண்டும்? விமான நிலையச் சோதனையில் அவமதிக்கப்பட்டவர் முன் இருக்கும் வழிகள்

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் சித்திக்கு 3 வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இப்போது வயது 58. இடது காலில் காலிப்பர் மாட்டிக்கொண்டுதான் நடப்பார். காலின் இரண்டு பக்கமும் கம்பி, தொடையில் ஒரு தோல் பட்டை, முழங்காலுக்குக் கீழே இன்னொன்று, அடியில் பூட்ஸ். முழங்காலருகே ஒரு வளையம் உண்டு. எழுந்து நிற்கும்போது அதைக் கீழே தள்ளினால் கம்பி பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமானால் தூக்கிவிட வேண்டும். காலையில் அதை மாட்டிக் கட்டி முடிக்கப் பத்து நிமிடம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிடம் வீட்டில் யாரும் அந்த அறைக்குள் போக மாட்டோம். சித்தப்பா இருந்தவரை அவர்கூட வாசலில்தான் நிற்பார்.

அந்தக் காலிப்பரைத்தான் ஒரு விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழி. உட்கார நாற்காலி கேட்டிருக்கிறார்; கையை ஆட்டி இல்லை என்றார்களாம். பெண்களைச் சோதிக்கும் தடுப்பில் திரை பாதிதான் இழுத்திருந்தது. புடவையைத் தூக்கிப் பட்டையை அவிழ்க்கிறபோது வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் தெரிந்தார்கள். "எனக்கு அவங்க தெரிஞ்சா, அவங்களுக்கு நான் தெரிஞ்சிருப்பேன்ல?" என்று கேட்டார். காலிப்பர் எக்ஸ்ரே பெட்டிக்குள் போய்வரும் வரை தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். சோதித்த பெண் காவலர் இந்தியில் ஏதோ சொல்ல, பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். சித்திக்கு இந்தி தெரியாது. "என்னா சொன்னாங்கன்னு தெரியல. எதைப் பார்த்துச் சிரிச்சாங்கன்னு தெரியும்."

இதை எங்களிடம் சொல்லவே அவருக்கு நான்கு நாள் ஆனது.

நான் கடலூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் பட்டா, முதியோர் பென்ஷன், வாய்க்கால் தகராறு என்று 18 வருடமாக எழுதுகிறேன். விமான நிலையக் காவலர் மேல் எழுதியது இதுதான் முதல் தடவை. எந்தக் கதவைத் தட்டினால் என்ன கிடைக்கும், எதற்கு எவ்வளவு நாள், எது நம்மை வீணாக அலைக்கழிக்கும் என்று தெரிந்த வக்கீல்களிடம் கேட்டும் சட்டப் புத்தகம் படித்தும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். புதுச்சேரியில் பிரான்சுக்குப் போய்வரும் குடும்பங்கள் தலைமுறையாக உண்டு. புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் 2024 டிசம்பரில் மறுபடி விமானம் விட்டார்கள். நம் ஊர்க்காரர்கள் யாருக்கும் இந்தக் கேள்வி வரலாம் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது சீருடை. உடம்பையும் கைப்பையையும் சோதிக்கிற காக்கிச் சட்டைக்காரர் பெரும்பாலான விமான நிலையங்களில் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையைச் சேர்ந்தவர், சி.ஐ.எஸ்.எஃப். 1999 டிசம்பரில் ஐ.சி. 814 விமானம் கடத்தப்பட்ட பிறகு, 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி ஒவ்வொரு நிலையமாக இந்தப் படையிடம் கொடுத்தார்கள். படை உள்துறை அமைச்சகத்துக்குக் கீழே வருகிறது. ஆனால் சோதனை எப்படி நடக்க வேண்டும் என்று விதி போடும் பி.சி.ஏ.எஸ். என்ற பாதுகாப்பு அமைப்பு விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழே. வெளிநாட்டிலிருந்து வரும்போது பெட்டியைத் திறக்கச் சொல்லும் வெள்ளைச் சட்டைக்காரர் சுங்கத்துறை, அது நிதி அமைச்சகம். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிறவர் குடிவரவுத் துறை, மறுபடி உள்துறை. மனுவைத் தவறான அமைச்சகத்துக்கு அனுப்பினால் அது மேசை மாறி மேசை போவதற்குள் நாள் ஓடிவிடும்.

இந்த விஷயத்தில் நாள் ஓடுவதுதான் பெரிய ஆபத்து. 1968ஆம் ஆண்டின் சி.ஐ.எஸ்.எஃப். சட்டம், பிரிவு 20. படைக்காரர் தன் அதிகாரத்தின் பேரில் செய்த எந்தச் செயலுக்காகவும் அவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ தொடர வேண்டுமானால், சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் தொடர்ந்தாக வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்பே, இன்ன காரணத்துக்காக வழக்குப் போடப் போகிறேன் என்று அவருக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு மாதத்துக்குள் நோட்டீஸ் தபாலில் விழவில்லை என்றால், வழக்கு என்ற கதவையே சாத்திவிட்டு "காலம் கடந்துவிட்டது" என்று வாதாடுவார்கள். அவமானப்படுத்துவது அதிகாரத்தின் பேரில் செய்த செயலே ஆகாது என்று எதிர்வாதம் செய்ய இடம் உண்டு. நானும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் அந்த வாதத்தை நம்பிக் காலக்கெடுவைத் தவறவிடக் கூடாது. பொறுமையாக ஒவ்வொரு இடமாக முறையிட்டுவிட்டு, கடைசியில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று நினைக்கிற நல்ல மனிதர்கள்தான் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

இரண்டாவது கெடு கேமராப் பதிவு. சோதனை நடக்கும் இடத்தில் நாம் செல்போனில் படம் பிடிக்கக் கூடாது. சாட்சி அவர்கள் கேமரா மட்டும்தான். அது என்றென்றைக்கும் இருக்காது. சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். ஆகவே முதல் மனுவின் முதல் கோரிக்கை தண்டனையாக இருக்கக் கூடாது. "இந்தத் தேதி, இந்த நேரம், இந்த வரிசையின் கேமராப் பதிவை விசாரணை முடியும் வரை அழிக்காமல் வைக்க வேண்டும்" என்பதுதான் முதல் வரி. சித்தியிடம் நேரத்தைக் கேட்டேன், ஞாபகம் இல்லை என்றார். போர்டிங் பாஸை எடுத்துவரச் சொன்னேன். பர்ஸில் மடித்து வைத்திருந்தார். விமான எண், இருக்கை எண், கதவு எண், ஏற வேண்டிய நேரம் எல்லாம் அதில் இருந்தன. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, மாலை 4.10க்கும் 4.40க்கும் இடையில் என்று எழுதினோம். பெயர்ப் பட்டையை அவர் படிக்கவில்லை. எத்தனையாவது வரிசை என்பது மட்டும் தெரியும், நான்கு. அது போதும்.

அங்கேயே, அப்போதே புகார் சொல்வது முதல் வழி. ஒவ்வொரு நேரப்பணிக்கும் ஒரு பொறுப்பு அதிகாரி, பெரும்பாலும் இன்ஸ்பெக்டர், அருகிலேயே இருப்பார். அவரை அழைக்கச் சொல்லி உரக்கக் கேட்கலாம். தனி அறையில் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். காலிப்பரையோ செயற்கைக் காலையோ கழற்றாமலேயே துணித்துண்டால் துடைத்து வெடிமருந்துத் தடயம் பார்க்கும் கருவி இருக்கிறதே என்று கேட்கலாம். நான் ஒப்பிட்டதில் மிக விரைவாகப் பலன் தரக்கூடியது இதுதான்; அவமானம் நடந்து முடிவதற்குள் நிறுத்தக்கூடியதும் இது ஒன்றுதான். ஆனால் விமானம் போய்விடுமோ என்ற பயத்தில், மொழி தெரியாமல், ஒற்றைக் காலில் நிற்கிற ஒருவர் உரக்கக் கேட்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கூட வருகிறவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுவிடுவார். எனவே, முடிந்தால் செய்யுங்கள். முடியவில்லை என்பதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். அங்கே பேசவில்லை என்பதை வைத்துப் பிற்பாடு யாரும் உங்கள் மனுவைத் தள்ள முடியாது.

இரண்டாவது, தபாலில் போகும் கடிதம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், என் தொழில் என்பதால் மட்டும் அல்ல. எல்லாரும் இதை மறந்துவிட்டு நேரே ஆன்லைனுக்குப் போகிறார்கள். கடிதத்தை அந்த விமான நிலையத்தின் தலைமைப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். படையின் மூத்த அதிகாரி ஒருவர் அந்தப் பதவியில் இருப்பார். நகல் நிலைய இயக்குநருக்கு, இன்னொரு நகல் பி.சி.ஏ.எஸ்.சுக்கு. பதிவுத் தபால் இப்போது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஒப்புகை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதைத் தனியாக ஒட்டி வையுங்கள், அந்தத் தாளில் மை சீக்கிரம் மங்கிவிடும், ஒரு ஜெராக்ஸ் எடுப்பது நல்லது.

எந்த மொழியில் எழுதுவது? சித்தி இதைத்தான் முதலில் கேட்டார். "தமிழ்ல எழுதினா அங்க யார் படிப்பா?" அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை மத்திய அரசின் எந்த அதிகாரிக்கும் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. படித்துப் புரிந்துகொள்வது அவர்கள் பொறுப்பு. நான் தமிழில் எழுதி, பக்கத்து டைப்பிங் கடையில் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை இணைத்தேன். மூலம் தமிழ்தான் என்று மேலேயே குறிப்பிட்டேன். சித்தி சொன்ன வார்த்தை அப்படியே பதிவில் இருக்க வேண்டும். "கண்ணியக் குறைவாக நடத்தப்பட்டேன்" என்று நான் எழுதியதை அடித்துவிட்டு "ஒற்றைக் காலில் நிற்க வைத்தார்கள்" என்று எழுதச் சொன்னவர் அவர்தான்.

இந்தக் கடிதம் என்ன செய்யும்? படைக்குள் ஒழுங்கு விசாரணை தொடங்க வைக்கலாம். கண்டிப்பு முதல் பணிநீக்கம் வரை அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. குறை என்னவென்றால், அந்த விசாரணையில் நாம் வாதி அல்ல. கூப்பிட்டால் சாட்சி, அவ்வளவுதான். முடிவு என்ன என்று நம்மிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

மூன்றாவது வழி ஆன்லைன் புகார். இரண்டு இருக்கின்றன. விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2016இல் தொடங்கிய ஏர்சேவா ஒன்று. பெட்டி தொலைந்தது, விமானம் தாமதம் போன்றவற்றுக்கு அது உதவும். காவலரின் நடத்தைக்கு அதிகம் நம்ப மாட்டேன். மற்றது மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளமான சி.பி.கிராம்ஸ். அதில் உள்துறை அமைச்சகத்தைத் தேர்ந்து, பிறகு சி.ஐ.எஸ்.எஃப்.பைத் தேர்ந்து எழுத வேண்டும். 2024இல் வந்த நெறிமுறைப்படி 21 நாளில் பதில் தர வேண்டும். திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். செலவு கிடையாது, பதிவு எண் கிடைக்கும். எங்களுக்கு 19ஆம் நாள் பதில் வந்தது. "சம்பந்தப்பட்ட பணியாளருக்கு உரிய அறிவுரை வழங்கப்பட்டது" என்று ஒரு வரி. புகார் முடித்து வைக்கப்பட்டது. என் தங்கை கோபத்தில் போனை வைத்துவிட்டாள். நான் அந்தப் பக்கத்தை இரண்டு பிரதி எடுத்தேன். எதுவும் நடக்கவில்லை என்று அவர்கள் சொல்லவில்லையே! அறிவுரை கொடுத்ததாக எழுதினால், அறிவுரை கொடுக்கும்படி ஏதோ நடந்தது என்று அவர்களே எழுதிக் கொடுத்ததாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். அடுத்து எங்கே போனாலும் அந்த ஒரு வரி நமக்குச் சாதகம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் என்ன என்று பலரும் சொன்னார்கள். சி.ஐ.எஸ்.எஃப். அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 24ஆம் பிரிவின்படி விலக்குப் பெற்றது. ஊழல், மனித உரிமை மீறல் ஆகிய இரண்டு குற்றச்சாட்டுகளுக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது. மனித உரிமை மீறல் என்றால் மத்திய தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாளில் தர வேண்டும். ஆகவே விண்ணப்பத்தில் "மனித உரிமை மீறல்" என்ற சொல் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விமான நிலைய ஆணையத்திடமும் பி.சி.ஏ.எஸ்.சிடமும் வழக்கம்போல் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், அவர்களுக்கு அந்த விலக்கு இல்லை. ஆனாலும் இதைத் துணைக் கருவியாகத்தான் பார்க்கிறேன். ஆதாரம் திரட்ட உதவும், யாரையும் பொறுப்பாக்காது.

சமூக வலைத்தளத்தில் போடலாமே என்பது சித்தியின் மகள் சொன்ன யோசனை. இது பலன் தந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசச் சொன்னதற்கு "நீங்கள் இந்தியரா" என்று தன்னிடம் கேட்டதாகக் கனிமொழி எம்.பி. எழுதினார், படை உடனே விசாரணைக்கு உத்தரவிட்டு, குறிப்பிட்ட மொழியை வற்புறுத்துவது தங்கள் கொள்கை அல்ல என்றது. 2021 அக்டோபரில் நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஒவ்வொரு தடவையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று வீடியோ வெளியிட்டதும் படை மன்னிப்புக் கேட்டது. 2024 ஜூனில் சண்டிகரில் புதிதாக ஜெயித்த எம்.பி. ஒருவரைக் கன்னத்தில் அறைந்த காவலரை உடனே இடைநீக்கம் செய்தார்கள். மூன்றிலும் பேசியவர் நாடறிந்த முகம். சித்தியை யாருக்குத் தெரியும்? தெரிய வைக்க வேண்டுமானால் அவர் தன் காலைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் கதவைச் சாத்திக்கொள்கிற பெண்ணிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. காவலரின் பெயரையோ முகத்தையோ போட்டால் அவதூறு வழக்கு நம் மேல் திரும்பவும் கூடும். சுதா சந்திரன் பேசியது வீண் என்று சொல்ல வரவில்லை. அவர் பேசியதால்தான் இது தனக்கு மட்டும் நடந்ததல்ல என்று சித்திக்கே தெரிந்தது.

அடுத்து ஆணையங்கள். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: சென்னையில் இருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதிவிடுகிறார்கள். மத்தியப் படை அதன் வரம்புக்குள் வராது. டெல்லியில் இருக்கும் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத்தான் எழுத வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். ஆனால் 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் 19ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. ஆயுதப் படையினர் மேலான புகாரில் ஆணையம் நேரடியாக விசாரிக்க முடியாது. மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுவிட்டு, பரிந்துரை மட்டும் செய்யலாம். ஒன்றிய ஆயுதப் படைகள் எல்லாம் அதில் அடக்கம், சி.ஐ.எஸ்.எஃப்.பும் சேர்த்து. அடித்தார்கள், மணிக்கணக்கில் அடைத்து வைத்தார்கள் என்பது போன்ற புகாராக இருந்தால் இதை நிச்சயம் எழுதச் சொல்வேன். பரிந்துரைதானே என்று தள்ளிவிட முடியாது, இழப்பீடு தரச் சொல்லவும் ஆணையத்தால் முடியும்.

சித்தியின் விஷயத்தில் இதைவிடப் பொருத்தமான கதவு ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் டெல்லியில் ஒரு தலைமை ஆணையர் இருக்கிறார். மத்திய அரசுத் துறைகள் மேலான புகார் அவரிடம்தான் போக வேண்டும். ஆட்களை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரைத்தால் சம்பந்தப்பட்ட துறை 3 மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். ஏற்கவில்லை என்றால் ஏன் என்று காரணத்தையும் எழுதித் தர வேண்டும். அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குப் பிடித்தது. பரிந்துரையை ஏற்காததற்குக் காரணம் எழுதித் தர வேண்டும் என்று இதுவரை நான் சொன்ன வழிகளில் வேறு எதிலும் நான் பார்க்கவில்லை. ஒரு காவலரைத் தாண்டி, நாற்காலி ஏன் இல்லை, திரை ஏன் பாதி, பயிற்சி என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கக்கூடிய இடமும் இதுவே.

அதே சட்டத்தின் 92ஆவது பிரிவு, பொது இடத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை என்கிறது. படிக்கும்போது மனசு நிமிரும். இரண்டு பிரிவு தள்ளி 94ஐப் படித்தால் அமுங்கிப்போகும்: அரசு ஊழியர் என்றால் அரசின் முன் அனுமதி இல்லாமல் கோர்ட் அதை எடுத்துக்கொள்ள முடியாது.

இங்கேதான் போலீஸ் வழியைப் பற்றிப் பேச வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, அதாவது 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ்., எந்த ஊரில் நடந்த குற்றத்துக்கும் எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். பதியலாம். கடலூர் புதுநகரில் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு உரிய ஸ்டேஷனுக்கு மாற்ற வேண்டும். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், பிறகு மாஜிஸ்திரேட். ஆனால் வேலை நேரத்தில் அரசு ஊழியர் செய்த குற்றம் என்றால் 218ஆவது பிரிவின்படி அரசின் அனுமதி வேண்டும். இதில் ஒரு நல்ல மாற்றம்: 120 நாளில் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். இன்னொன்று மிக முக்கியம், பெண்கள் இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். மானபங்கம், பாலியல் தொல்லை போன்ற குற்றங்களுக்கு அந்தப் பிரிவின் அனுமதியே தேவை இல்லை. சோதனை என்ற பெயரில் யாராவது தொடக் கூடாத விதத்தில் தொட்டிருந்தால், ஆன்லைன் புகார், ஆணையம் எதற்கும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே போலீஸ், கையில் போர்டிங் பாஸோடு.

அமெரிக்காவில் நடந்த ஒன்று இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. அங்கே சோதிப்பது போலீஸ் அல்ல, 2001இல் உருவான டி.எஸ்.ஏ. என்ற அமைப்பின் ஊழியர்கள். டென்வர் விமான நிலையத்தில் இரண்டு ஊழியர்கள் கூட்டுச் சேர்ந்து, ஸ்கேனரை ஏமாற்றி, பயணிகளைத் தகாத விதத்தில் தடவியது 2015இல் வெளியே வந்தது. இருவருக்கும் வேலை போனது. வழக்கு மட்டும் வரவில்லை, ஏனென்றால் பாதிக்கப்பட்டவர் யார் என்றே அடையாளம் காண முடியவில்லை. தேதி, நேரம், பெயரோடு ஒரு பயணியின் புகார் கையில் இருந்திருந்தால் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

ஐகோர்ட்டில் ரிட் போடுவது கடைசி வழி. அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசே இழப்பீடு தர வேண்டும் என்று 1993இல் நீலபதி பெஹரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரே ஐகோர்ட்தான், சென்னை. ஆனால் சம்பவம் வேறு மாநில நிலையத்தில் நடந்திருந்தால் அந்த மாநிலக் கோர்ட்டுக்குப் போகச் சொல்லலாம். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் இனத்தவர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; மாவட்டக் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் போதும். வக்கீல் கட்டணம் மிச்சமாகும், நாள் மிச்சமாகாது. நுகர்வோர் கோர்ட்டை நான் யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். டிக்கெட்டில் பாதுகாப்புக் கட்டணம் என்று உள்நாட்டுப் பயணத்துக்கே 200 ரூபாய் வாங்குகிறார்கள்தான். ஆனாலும் காவலரின் சோதனையை விலை கொடுத்து வாங்கிய சேவை என்று நிரூபிப்பது கடினம்.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்களுக்காகச் சுங்கத்துறை பற்றியும் நான்கு வரி. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 102ஆவது பிரிவின்படி, உடம்பைச் சோதிக்கும் முன் கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோகச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நம்பத் தகுந்த காரணம் இல்லாமல் சோதித்த அதிகாரிக்கு 136ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறை இருக்கிறது. இங்கேயும் 155ஆவது பிரிவில் அதே ஒரு மாத நோட்டீஸ், அதே 3 மாதக் கெடு. 2023 இறுதியில் இலங்கையிலிருந்து வந்த புதுமணப் பெண்ணின் தாலிக்கொடியைச் சென்னையில் பறிமுதல் செய்தார்கள். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஐகோர்ட் உத்தரவிட 2025 ஆகிவிட்டது.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தியின் முன் வைத்தேன். அன்றைக்கு 46ஆம் நாள். என் கருத்தைச் சொன்னேன்: தலைமை ஆணையருக்கு மனு, அதோடு அதே நாளில் பிரிவு 20 நோட்டீஸ். வழக்குப் போடப் போகிறோமா இல்லையா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டியதில்லை. முடிவு செய்யும் உரிமையைக் கெடு தின்றுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். போலீஸ் வேண்டாம் என்றேன், ஏனென்றால் இங்கே நடந்தது தொடுதல் இல்லை, கேலியும் அலட்சியமும். அதற்கு 94ஆவது பிரிவின் அனுமதி வாங்குவதற்குள் சித்தி களைத்துப்போவார். தங்கைக்கு இதில் சம்மதம் இல்லை. "கேஸ் போட்டாதான் பயப்படுவாங்கண்ணே" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

சித்தி வரைவைக் கையில் வாங்கி மெதுவாகப் படித்தார். "சம்பந்தப்பட்ட காவலரைப் பணியிலிருந்து நீக்க வேண்டும்" என்று நான் எழுதியிருந்த வரியில் விரல் வைத்தார்.

"இதை எடுத்துடுப்பா. அந்தப் பொண்ணுக்கு வயசு இருபத்தஞ்சு இருக்கும். அது வேலை போயி எனக்கு என்னா ஆகப்போவுது? பக்கத்துல மூணு ஸ்டார் போட்டவர் ஒருத்தர் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாரு. அவர் யாருன்னு கேளு. அவர் ஏன் ஒண்ணும் சொல்லலன்னு கேளு."

மேலதிகாரி ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அதுவரை அவர் எங்களிடம் சொல்லவில்லை. மனுவைத் திருப்பி எழுதினேன். அன்று அந்த நேரப்பணிக்குப் பொறுப்பானவர் யார், அவர் அங்கே இருந்தாரா, இருந்தும் ஏன் தலையிடவில்லை என்பது முதல் கேள்வி ஆனது. பெண்கள் சோதனைத் தடுப்பு ஒவ்வொன்றிலும் நாற்காலி, முழுவதும் இழுக்கக்கூடிய திரை என்பது இரண்டாவது. காலிப்பர், செயற்கைக் கால் போட்டவர்களைக் கழற்றச் சொல்வதற்கு முன் என்னென்ன செய்து பார்க்க வேண்டும் என்று எழுத்தில் இருக்கிறதா, இருந்தால் அன்று ஏன் செய்யவில்லை என்பது மூன்றாவது. நோட்டீஸில் அந்தப் பெண் காவலரோடு பொறுப்பு அதிகாரியையும் சேர்த்தோம். பெயர் தெரியாததால் தேதி, நேரம், நான்காம் வரிசை என்று குறித்து, ஆளை அடையாளம் காட்ட வேண்டியது படையின் கடமை என்று எழுதினோம்.

50ஆம் நாள் தலைமைத் தபால் நிலையத்துக்குச் சித்தியும் வந்தார். உறைகளுக்குத் தானே பசை தடவினார். கவுண்டரில் ரசீது வாங்கும்போது, நின்ற வாக்கில் ஒரு கையால் கம்பியின் வளையத்தைச் சரிபார்த்துக்கொண்டார். ஒப்புகைகளில் தலைமை ஆணையர் அலுவலகத்தினுடையது வந்துவிட்டது. விமான நிலையத்திலிருந்து வர வேண்டியது இன்னும் வரவில்லை. தபால்காரர் தெருவில் வரும் நேரத்துக்குச் சித்தி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.